சமையலறைச் சுவரை எடுத்துக் கூடத்தோடு இணைக்கலாமா?

கேள்வி: மதுரையில் தூண்கள் இல்லாமல் கட்டப்பட்ட எங்கள் பழைய வீட்டில், சமைத்துக்கொண்டே பிள்ளைகளின் படிப்பையும் கவனிக்க வசதியாக, கூடத்தை ஒட்டிய 9 அங்குலச் சுவரை எடுத்துவிட விரும்புகிறேன். செய்யலாமா?

பதில் 1: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். தூண்கள் இல்லாத வீட்டில் கூரையின் பாரத்தைச் சுவர்களே தாங்குவதால், கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்து, மாற்றாக எந்த அளவில் உத்தரம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும்வரை ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது. தூண் எழுப்பிய வீட்டின் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் நிலைமை வேறு.

பதில் 2: எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட தடுப்புச் சுவரைத்தான் எடுத்தோம். வெளிச்சம் பெருகியது, ஆனால் மீன் பொரிக்கும் வாசனை சோபாத் துணிவரை வந்துவிட்டது. புகைபோக்கியின் குழாயைக் கட்டாயம் வெளியே விடுங்கள். கூடத்து மின்விசிறியின் காற்று அடுப்புச் சுடரில் படாத இடமாகவும் பாருங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. முதலில் பொறியாளரை அழைக்கிறேன்.