“நெட்லயே போட்டிருக்கு மிஸ்”: மாணவர் ஆய்வும் இணையத் தேடலும், உங்கள் அனுபவம் என்ன?

டெல்டா டீச்சர்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளூர் வரலாறு ப்ராஜெக்ட். தஞ்சாவூரில் வேறென்ன தலைப்புக் கொடுப்பது, பெரிய கோயில்தான். பாதி நோட்டுகளில் முதல் வரி என்னவென்று உங்களுக்கே தெரியும்: விமானத்தின் நிழல் தரையில் விழாது.

சிவப்பு மையில் அடித்துவிட்டு வகுப்பில் நின்று வாதாட மனமில்லை. ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கோயிலுக்கே அழைத்துப் போனேன். சித்திரை வெயில். கல்தரையில் பாதம் வைக்க முடியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமலே பிள்ளைகள் கிழக்குப் பக்கமாக ஓடி, நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வரியை எழுதியவர்களில் ஒருவன் தன் ப்ராஜெக்ட் நோட்டையே விசிறியாக்கிக்கொண்டு நடுநிழலில் இருந்தான்.

“இது எதோட நிழல்டா?” என்றேன்.

மேலே பார்த்தான், கீழே பார்த்தான். “விமானத்தோடதுதான் மிஸ். ஆனா நெட்ல விழாதுன்னு போட்டிருக்கே? பத்து சைட்ல போட்டிருக்கு மிஸ்.”

கிண்டல் இல்லை. உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டான். தான் உட்கார்ந்திருக்கும் நிழலில்தான் ஏதோ கோளாறு என்பது போல ஒரு முகம். அந்த முகம்தான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து நானும் தேடினேன். பத்துக்கு மேலேயே இருந்தன. எல்லாவற்றிலும் வரி மாறாத அதே வாக்கியம், எல்லாவற்றிலும் ‘விமாணம்’ என்று அதே மூன்று சுழி. யாரோ ஒருவர் எழுத, மற்றவர்கள் நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பையனுக்கு அது பத்து சாட்சி.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கணக்கு வாத்தியார்

“அது நண்பகல் நிழலைச் சொன்னது” என்று யாராவது இங்கே வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதுவும் நிற்காது. உயரம் சுமார் 60 மீட்டர், அடிப்பகுதி அகலம் சுமார் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 டிகிரி வடக்கு. டிசம்பர் 21 வாக்கில் உச்சிவேளையிலும் சூரியன் 56 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. உச்சியின் நிழல் நடுவிலிருந்து 40 மீட்டர் வடக்கே போகும். சுவர் வரைக்கும் 15 கழித்தாலும் தரையில் 25 மீட்டர் மிச்சம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல். மார்கழியில் அந்தப் பையனை நாடாக் கயிறோடு அனுப்புங்கள் டீச்சர்.

ஏழாம் ஆண்டு ஆய்வாளர்

நிழலாவது இலவசம். எங்கள் விடுதி அறை நண்பனுக்குக் காசும் போனது.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்குள் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும், கெடு நெருங்குகிறது. தேடினான், ஓர் ஆய்விதழ் மேலேயே வந்தது. இரண்டு நாளில் ‘ஏற்கப்பட்டது’ என்று மெயில். படித்துப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள். தளத்தில் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது இதழின் தர மதிப்பெண், மூன்று தசம இலக்கத்தில் பளபளத்தது. அதைக் கொடுத்த நிறுவனத்தை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

ஆசிரியர் குழுப் பட்டியலை நான் சும்மா தள்ளிக்கொண்டே வந்தேன். எங்கள் துறையில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் படம்! நேரே அவர் வீட்டுக்குப் போய் போனை நீட்டினோம். கண்ணாடி மாட்டி, படத்தைப் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“சட்டை என்னுதுதான். பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது. மத்தது எதுவும் நமக்குச் சம்பந்தமில்ல தம்பி.”

பெயரை எடுக்கச் சொல்லி அந்த முகவரிக்கு அவரே மெயில் போட்டார். பதில் வந்தது: கட்டுரை அனுப்பினால் தங்களுக்குச் சலுகைக் கட்டணம்!

‘ஐ.எஸ்.எஸ்.என் (இதழின் பதிவு எண்) பார்த்தால் போதும்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மையாக அச்சில் வரும் இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து, போலித் தளம் ஒன்றை நிறுத்திக் காசு வாங்கும் கூட்டம் இருக்கிறது. ‘க்ளோன்’ என்பார்கள். முன்பு நம்பத்தகுந்த இதழ்களுக்கென்று யுஜிசி கேர் பட்டியல் இருந்தது. அந்தப் பக்கத்திலேயே போலிகள் பற்றி எச்சரிக்கையும் இருக்கும். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள், இனிக் கல்வி நிறுவனங்களே எடைபோட்டுக்கொள்ள வேண்டுமாம். காசுக்குக் கட்டுரை போடும் இதழ்களைப் பற்றி அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் வைத்திருந்த பட்டியல் 2017 ஜனவரியிலேயே போய்விட்டது. இப்போது ஜூனியர்கள் கேட்டால், ஆசிரியர் குழுவில் இரண்டு பேருக்கு மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்கள் என்கிறேன். ‘எதற்கு வம்பு’ என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்

என் அனுபவம் சின்னது. கல்லூரி நூலகத்தில் ஒரு மாணவி தேடல் முடிவில் முதலில் வந்த விளம்பரத்தையே ஆதாரமாக எழுதிக்கொண்டு வந்தாள். ‘ஸ்பான்சர்டு’ என்றால் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று நினைத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

ஆனால் டீச்சர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. நீங்கள் தேடியது ‘நிழல் விழாது’ என்றுதானே? அப்படித் தேடினால் விழாது என்பவர்கள்தான் வருவார்கள். முடிவைக் கேள்விக்குள் வைத்துத் தேடக் கூடாது. கோயிலின் பழைய பெயரை வைத்து ‘ராஜராஜேஸ்வரம் கல்வெட்டு’ என்று தேடிப் பாருங்கள், வேறு உலகம் திறக்கும். ஹூல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி பெரும்பாலும் இந்தக் கோயில் கல்வெட்டுகள்தான், இணையத்திலேயே கிடைக்கிறது. நாம் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று ராஜராஜன் ஆள்வாரியாகக் கல்லில் வெட்டச் சொன்ன கோயில் அது. அதைப் பற்றி எழுதும் தளங்களில் எழுதியவர் பெயரே இருப்பதில்லை!

அப்புறம், ஒரு வாக்கியம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்க அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். நகல்கள் வரிசையாக வந்து நிற்கும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி. ஒரே தளத்துக்குள் தேட ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் முகவரி. பி.எச்டி ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. பழைய தமிழ் இலக்கியத்துக்கு மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும்.

பிள்ளைகள் பொதுவாகச் செய்வது, தளத்தின் அழகைப் பார்ப்பது, ‘எங்களைப் பற்றி’ பகுதியைப் படித்துத் தலையாட்டுவது. தன்னைப் பற்றி எவன் தப்பாக எழுதிக்கொள்வான்? ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் இதை வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள். 10 வரலாற்றாசிரியர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள். குழந்தை மருத்துவர் அமைப்புகள் என்று இரண்டு தளங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய சங்கம், மற்றது அதிலிருந்து 2002இல் பிரிந்த சின்னக் குழு. மாணவர்கள் பலர் சின்னக் குழுவின் தளத்தைத்தான் நம்பினார்கள். வரலாற்றாசிரியர்களிலேயே சிலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. புது டாப் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டார்கள். சரியாகவும் சொன்னார்கள்.

டாட் ஆர்க் என்று முடிந்தால் நல்ல தளம் என்று இன்னும் சில பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். காசு கட்டினால் யாருக்கும் கிடைக்கும் முகவரி அது. மார்ட்டின் லூதர் கிங் பெயரிலேயே ஒரு டாட் ஆர்க் தளத்தைப் பல ஆண்டுகள் நடத்தியது ஸ்டார்ம்ஃப்ரன்ட் என்ற வெள்ளை இனவாதக் கும்பல். பள்ளிப் பிள்ளைகள் அசைன்மென்ட்டுக்கு அங்கே போய் விழுந்தார்கள்.

சிற்றம்பலம் 79

எல்லாவற்றையும் பொய் என்று எழுதிக் கைதட்டு வாங்குவது இப்போது ஃபேஷன். சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளஹஸ்தி மூன்றும் ஒரே தீர்க்கரேகையில், 79 டிகிரி 41 நிமிடத்தில் இருக்கின்றன. நானே மேப்பில் வைத்துப் பார்த்தேன். இதுவும் காப்பி பேஸ்ட்டா நூலகர் ஐயா?

டெல்டா டீச்சர்

இல்லை சார், அது சரிதான். நானும் பார்த்தேன், மூன்றும் 41ஆவது நிமிடத்துக்குள்ளேதான் விழுகின்றன. ஆனால் இந்த வரி வருகிற அதே ஃபார்வர்டில் ‘பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே கோட்டில்’ என்று வருகிறதே, திருவானைக்காவை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? 78.7. திருவண்ணாமலை 79.1 பக்கம். அதற்கடுத்த வரி, பூமியின் காந்தப்புல மையம் சிதம்பரம் என்கிறது. காந்த நடுக்கோடு பக்கத்தில் இருக்கிறது என்றுதானே கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963இல் ராக்கெட் விட்டார்கள்? ஒரு வரி சரியாக இருப்பதால்தான் பிள்ளைகள் மிச்ச இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள்.

நூலகர் ஐயா, நான் தேடியது ‘பெரிய கோயில் நிழல்’ என்று மட்டும்தான். ‘விழாது’வைச் சேர்த்தது கூகுள்.

கொக்குவிலான்

நான் யாழ்ப்பாணம். கம்பசில் படிக்கேக்குள்ள யாழ் பொது நூலக எரிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. தேடினால் ஒரு தளத்தில் 1981 மே 31, மற்றதில் ஜூன் 1. இரவிரவாக நடந்தது, அந்த வித்தியாசம் விளங்கும். புத்தகங்கள் 97,000 என்று பெரும்பாலும் எழுதுகிறார்கள், எங்கிருந்து எடுத்தது என்று எழுதியவர்கள் குறைவு. ஆக, அன்றைய பேப்பரையே பிடிப்போம் என்று வெளிக்கிட்டேன். யாழ்ப்பாணத்திலேயே அச்சடித்த ஈழநாடு.

எவ்வளவு தேடியும் அந்தத் திகதிக்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இதற்கிடையில் ஒரு தளத்தில் ஒருவர் எழுதியிருந்தார், உள்ளூர்ப் பத்திரிகையே அடுத்த நாள் எழுதவில்லை, ஆனபடியால் இது பிறகு ஊதிப் பெருப்பித்த கதை என்று. அழகான தளம், நல்ல ஆங்கிலம், கீழே அடிக்குறிப்பும் உண்டு. எனக்கு ஒரு கணம் கை நின்றுவிட்டது.

அம்மப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வாசித்துக் காட்டினேன். தலையைக்கூடத் திருப்பவில்லை.

“எங்கயடா பேப்பர் வரும்? அதே இரவு ஈழநாடு கந்தோரையும் எல்லோ எரிச்சவங்கள்.”

சொல்லிவிட்டு றேடியோவைக் கூட்டினார்.

போய்ப் பார்த்தேன், உண்மை. நூலகத்தோடு சேர்த்து அந்தப் பத்திரிகைக் கந்தோரும் எரிந்தது பல இடங்களில் பதிவாகி இருக்கிறது. அந்த அடிக்குறிப்புக்காரர் தெரியாமல் எழுதினாரா, தெரிந்து எழுதினாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நூலகர் ஐயா டாட் ஆர்க்கை நம்பாதே என்கிறார். எங்களுக்கு நூலகம் டாட் ஆர்க் இல்லாவிட்டால் ஈழத்துப் பழைய இதழ்களில் பாதியைக் கண்ணாலேயே கண்டிருக்க மாட்டோம். 2005இலிருந்து ஸ்கேன் பண்ணிப் போடுகிறார்கள், இலவசம்.

ஓய்வுபெற்ற நூலகர்

தம்பி, முகவரியை மட்டும் பார்த்து நம்பாதீர்கள் என்றுதான் சொன்னேன். நூலகம் தளத்தை நானே பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அங்கே பக்கத்தின் படமே இருக்கிறது, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

பி.ஏ. இரண்டாம் வருடம்

நீங்கள் எல்லோரும் கூகுளில் நிற்கிறீர்கள். எங்கள் வகுப்பில் கூகுளே கிடையாது, நேராக ஏஐதான்.

என் தோழி நெசவுத் தொழில் பாடல்கள் பற்றிச் செமினார் எடுத்தாள். ஏஐயிடம் நூல் பட்டியல் கேட்டாள். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்க எண் எல்லாம் பக்காவாகக் கொடுத்தது. அதை அப்படியே கல்லூரி நூலக அக்காவிடம் நீட்டினாள். அவர் பாவம், நம்பி இறங்கிவிட்டார். கம்ப்யூட்டரில் பார்த்தார், பழைய அட்டைப் பெட்டியை இழுத்துப் பார்த்தார், ஏணி போட்டு மேல் தட்டில் துழாவினார், தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குக்கூட போன் போட்டார். மதியச் சாப்பாடு போய்விட்டது. கடைசியில் புடவையில் தூசியைத் தட்டிக்கொண்டே வந்து, “இந்தப் பதிப்பகம் இருக்கு, இந்த ஆசிரியரும் இருக்கார், ஆனா இந்தப் புக்கு மட்டும் எங்கயும் இல்லையேம்மா, ஸாரி” என்றார்.

இல்லாத புத்தகத்துக்கு அவர் ஸாரி கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

தோழி அங்கேயே போனை எடுத்து, இது நிஜப் புத்தகமா என்று ஏஐயைக் கேட்டாள். ஆம், பெரிய நூலகங்களில் கிடைக்கும் என்று பதில். நியூயார்க்கில் 2023இல் வக்கீல்கள் மாட்டிக்கொண்டதும் இப்படித்தான். சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்தார்கள். அவர்களும் ‘இது உண்மையா’ என்று அதனிடமே கேட்டார்கள், அதுவும் ஆமாம் என்றது. 5,000 டாலர் அபராதம். வகுப்பில் இதைச் சொன்னால், “அது பழைய வெர்ஷன்டி” என்கிறார்கள்.

எழுத்துரு கிறுக்கன்

கொக்குவிலானுக்கு, கேட்காத யோசனை ஒன்று. தேடலில் வரவில்லை என்றால் இணையத்தில் இல்லை என்று ஆகாது. 2000 வாக்கில் தொடங்கிய தமிழ்த் தளங்கள் பல, இப்போது எல்லோரும் பயன்படுத்தும் யுனிகோடு எழுத்துக் குறியீட்டில் இல்லை. பாமினி, திஸ்கி, தாப் என்று பழைய எழுத்து முறைகள், ஆளுக்கொன்று. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த பக்கம் நம் கண்ணுக்கு அம்மா. தேடுபொறிக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நீங்கள் யுனிகோடில் என்ன அடித்தாலும் அது பிடிபடாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் நிறைய வெறும் படம்தான், உள்ளே எழுத்தே இருக்காது. அந்த மாதிரித் தளங்களில் ஆண்டு, மாதம் என்று பட்டியல் வழியாக இறங்கித்தான் தேட வேண்டும். கோயில் என்று தேடினால் கோவில் என்றும் ஒருமுறை, தேதி என்றால் திகதி என்றும் ஒருமுறை அடியுங்கள். பழைய பாமினிப் பக்கம் ஏதாவது கையில் மாட்டினால் முகவரியை இங்கே போடுங்கள், மாற்றித் தருகிறேன்.