கெப்பாசிட்டர் மாற்றிய பிறகு ஆம்ப்ளிஃபயரில் ஹம்: கிரவுண்ட் புள்ளி எங்கே?

வணக்கம். நானே கட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்: எல்எம்3886 பவர் ஆம்ப் ஐசி இரண்டு, 18-0-18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். இடம் மதுரை. பல வருடமாகத் தொந்தரவே இல்லை. போன மாதம் பவர் சப்ளையில் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை 4700 மைக்ரோஃபாரடிலிருந்து 10000-க்கு மாற்றினேன். புதியவை பருமன், பழைய போர்டில் உட்காராததால் தனி போர்டில் வைத்து ஒயர் இழுத்திருக்கிறேன். கூடவே ப்ரீ ஆம்ப்பில் (முதல் கட்டப் பெருக்கி) என்இ5532 ஓபி ஆம்ப் ஐசிக்குப் பதில் ஓபிஏ2134 போட்டேன்.

அன்றிலிருந்து இரண்டு ஸ்பீக்கரிலும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். இரவில் ஃபேனை நிறுத்தினால் நாலடி தள்ளியும் கேட்கிறது. மெல்லிய வீணை ஆலாபனை கேட்கவே முடியவில்லை.

வால்யூமை முழுதாக இறக்கினாலும், இன்புட்டை ஷார்ட் செய்தாலும் அதே அளவு. பழைய ஓபி ஆம்ப்பைத் திரும்பப் போட்டும் பலனில்லை. (அவுட்புட் வோல்டேஜை மல்டிமீட்டரால் அளந்து சத்தத்தைச் சமன் செய்து, எது எதுவென்று சொல்லாமல் தம்பியை மாற்றி வைக்கச் சொன்னேன். இரண்டு ஐசிக்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் செலவு தேவையில்லை என்பது என் முடிவு.) டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் பார்த்தாயிற்று, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜையும் மாற்றியாயிற்று.

ஸ்பீக்கர் கோன் அருகே போனை வைத்தால் ஸ்பெக்ட்ரம் ஆப்பில் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் அல்ல, பிரிட்ஜுக்குப் பின் வரும் 100, 200, 300 தெரிகின்றன. அப்படியென்றால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் கரண்ட், சிக்னல் கிரவுண்டோடு (சிக்னலுக்கான பூஜ்ய வோல்ட் இணைப்பு) ஒயரைப் பகிர்கிறது என்றே நினைக்கிறேன்.

என் கேள்வி: சிக்னல் கிரவுண்டையும் ஸ்பீக்கர் ரிட்டர்னையும் (ஸ்பீக்கரிலிருந்து திரும்பும் ஒயர்) இரு கெப்பாசிட்டர்களுக்கு இடைப்பட்ட ஒயரிலேயே சேர்ப்பதா, அங்கிருந்து தனி ஒயர் இழுத்துத் தள்ளி ஒரு புள்ளியில் சேர்ப்பதா?