எலிக்குள் வெளிச்சம் போட்டால் வெட்டும் கத்தரி: பெயர் என்ன?

செவ்வாய்ப்பேட்டை, விலங்கியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக் குறிப்பு அச்சுக்குப் போகிறது. டிஎன்ஏவை வெட்டித் திருத்த உதவும் கிரிஸ்பர் கத்தரியை ஒளியால் இயக்கும் முறைக்கு ஒரு சொல் தேவை. 2015-ல் டோக்கியோ குழு, அந்தக் கத்தரியில் வெட்டும் வேலையைச் செய்யும் காஸ்9 புரதத்தை இரண்டாகப் பிரித்து, நியூரோஸ்போரா பூஞ்சையின் ஒளியுணர் புரதத்திலிருந்து உருவாக்கிய பகுதிகளை அவற்றோடு இணைத்தது. நீல ஒளி பட்டால் பாதிகள் சேர்ந்து வெட்டும், இருட்டில் பிரிந்துவிடும். ‘ஒளிக்கத்தரி’ என்று சொல்லிப் பார்த்தேன். “லேசர்லயே வெட்டறாங்களா மேம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தச் சொல்லை அப்போதே அடித்துவிட்டேன்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்:
நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைக் கவாத்து செய்தால்தான் காப்பிக்கு வெளிச்சம் இறங்கும். ‘ஒளிக்கவாத்து’ என்றால் எங்கள் மலையில் யாருக்கும் புரியும். கவை, கவடு, கவட்டை, கவண் என்ற வரிசையில் வந்த சொல்லாகவே அதைக் கருதுகிறேன். ‘மரபணு’வையும் விட்டு ‘ஈனி’ என்று எழுதலாமே.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கவாத்து உருது வழி வந்தது ஐயா. காவலர் அணிவகுப்புக்கும் அதே சொல்தான். ‘ஒளிப்பூட்டுக் கத்தரி’ என்போம். கொலுசுக்குப் பேர்போன சேலம் இது, கொலுசின் இரு முனையும் பூட்டில்தான் சேர்கின்றன. ஏர் பூட்டுகிறோம், நாண் பூட்டுகிறோம். நன்னூலின் பூட்டுவிற் பொருள்கோளில் பாட்டின் முதலும் முடிவும் கூடினால்தானே பொருள் பிறக்கிறது?

ஆசிரியை:
கொலுசை நாளைக்கே கரும்பலகையில் வரைவேன் ஐயா. ஆனால் ‘பூட்டு’ என்றதும் பிள்ளைகளுக்குக் கதவுதான் நினைவுக்கு வரும். ஒளி பட்டால் கத்தரி முடங்கிவிடும் என்று நேர்மாறாக எழுதுவார்கள். ‘ஈனி’யை இந்த வாரம் தொட வேண்டாம்.

ஆத்தூர், ஆய்வு மாணவர்:
நீல ஒளி எலியின் தோல், இரத்தம் தாண்டி ஆழமாகப் போகாது. அதனால் 2020-ல் ஷாங்காய் குழு சிவப்பின் கடைசி ஓரத்தில் இருக்கும் தொலைச்சிவப்பு ஒளிக்கு மாறியது. அங்கே பாதிகளைச் சேர்ப்பது ஒளி அல்ல. ஒரு பாதியைச் செல் உருவாக்கும்படி ஒளி தூண்டுகிறது. உருவானதும் அது மற்றதோடு தானே சேர்ந்துகொள்கிறது. ‘பூட்டு’ டோக்கியோ முறைக்கு மட்டும் பொருந்தும். ‘ஒளித்தூண்டு மரபணுத் திருத்தம்’ இரண்டையும் தாங்கும்.

தமிழாசிரியர்:
விளக்கைத் தூண்டு என்பது நம் வழக்கு. தூண்டாமணி விளக்கு கேட்டிருப்பீர்கள். அங்கே தூண்டப்படுவது ஒளி. இங்கே தூண்டுவதே ஒளி. படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

தோட்டக்காரர்:
எனக்கும் ‘தூண்டு’ சம்மதம். கவாத்தை விட்டுவிட்டேன்.

ஆசிரியை:
‘ஒளித்தூண்டு மரபணுத் திருத்தம்’ என்றே அனுப்பிவிட்டேன். ‘ஒளியால் தூண்டப்படுவது’ என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். விளக்கை அணைத்தால் கருவிதான் ஓயும், டிஎன்ஏவில் நடந்த திருத்தம் அப்படியே இருக்கும் என்பதையும் எழுதிவிட்டேன். தேர்வில் அதைத்தான் கேட்பேன்.

தமிழாசிரியர்:
அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும் அம்மா. டோக்கியோ முறைக்கு மட்டுமாவது அடுத்த பதிப்பில் ‘ஒளிப்பூட்டு’ வரவேண்டும். நாண் பூட்டிய வில்லை முடங்கிய வில் என்று யாரும் சொன்னதில்லை.