பிசிவி பூஸ்டர்: 9 மாதத்திலேயே போடலாமா?

மகனுக்கு 9 மாதம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் நிமோகோக்கல் தடுப்பூசியில்தான் (பிசிவி) குழப்பம்.

பிறந்தது சென்னையில். அங்கே தனியாரில் 6, 10, 14 வாரங்களில் பிரெவெனார் 13 (13 வகைக் கிருமிக்கான பிசிவி) போட்டோம். ஒவ்வொரு தடவையும் தொடையில் லேசான வீக்கம், ஒரு ராத்திரி காய்ச்சல், அவ்வளவுதான். பூஸ்டர் 12 மாதத்துக்கு மேல் என்று அட்டையில் இருக்கிறது.

இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் குடிவந்துவிட்டோம். அரசு அட்டவணை வேறு: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். இங்கே சுகாதார நிலையத்தில் இருப்பது நியூமோசில், 10 வகைக் கிருமிக்கானது. நர்ஸம்மா, “புதன்கிழமை தூக்கிட்டு வாங்க, எம்ஆரோட சேத்துப் போட்டுரலாம்” என்கிறார். எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி) கண்டிப்பாகப் போடுவோம். சந்தேகம் பிசிவியில் மட்டும்.

சென்னை டாக்டருக்கு மூன்று நாளாகப் போன் போட்டும் கிடைக்கவில்லை. திருநெல்வேலியில் ஒருவரிடம் காட்டினோம். பொறுங்கள் என்றார், காரணம் சொல்லவில்லை. ஆச்சி வேறு, “சளி புடிச்ச புள்ளைக்கு ஊசி எதுக்குல?” என்கிறாள். காய்ச்சல் இல்லை, மூக்கொழுகல்தான். அதற்காகத் தள்ளிப்போடப் போவதில்லை.

குழந்தை மருத்துவர்கள், தடுப்பூசிப் பணியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: மூன்று பிரெவெனார் போட்ட பிள்ளைக்கு இப்போது நியூமோசிலைப் பூஸ்டராகப் போடலாமா, 12 மாதம் வரை பொறுத்துப் பிரெவெனாரையே போட வேண்டுமா?