எந்திரம் நடத்துவதும் கால் உழைப்பதும்: மின்தூண்டல் பயிற்சி அனுபவங்கள்

முதுகுத் தண்டுவடத்தில் காயம்பட்ட ஒருவர்:

இடுப்புக்குக் கீழே எனக்கு அசைவில்லை. ரோபோ நடைப்பயிற்சி எந்திரத்தில் முதன்முதலாக என்னை ஏற்றியபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இடுப்பிலும் தொடையிலும் வார்கள். மேலிருந்து ஒரு கயிறு உடல் எடையைத் தாங்கியது. மோட்டார்கள் முழங்காலை மடக்கி நீட்டின. எதிரே கண்ணாடியில் நடப்பதுபோலத்தான் தெரிந்தது. கையை வைத்துப் பார்த்தேன். தொடைச் சதை தளர்ந்தே கிடந்தது. எந்திரம் என்னைச் சுமந்தது, அவ்வளவுதான்.

பிறகு தொடையின் முன்னும் பின்னும் பசைத் தகடுகளை ஒட்டி, அடியெடுத்து வைக்கும் நேரம் பார்த்து மின்தூண்டல், அதாவது தசையை இயக்கும் சிறு மின்துடிப்பு, கொடுத்தார்கள். பாதம் ஊன்றிய கணத்தில் முன்தொடைத் தசை தோலுக்கடியில் திரண்டு எழுந்தது. பயிற்சி முடிந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. கால்கள் உழைத்துக் களைத்துப்போவது எவ்வளவு பெரிய இன்பம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். ஆனால் பயிற்சி நாட்களில் கால் விறைப்பு அடங்கி, இரவில் உறங்க முடிகிறது.

இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்:

ஐயா, நீங்கள் கையால் தொட்டு அறிந்ததைத்தான் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் 2025இல் தண்டுவடக் காயமுள்ள ஐந்து பேரிடம் அளந்து காட்டினார்கள். ரோபோ காலை அசைப்பதால் மட்டும் தசை அவ்வளவாக வேலை செய்வதில்லை. அசைவோடு தாளம் தவறாமல் தூண்டல் சேரும்போது தசையும் பங்கெடுக்கிறது.

அவர்கள் பயன்படுத்தியது உங்களுடையதிலிருந்து வேறுபட்ட முறை. தொடையில் ஒட்டும் தகடு, தசைக்குச் செல்லும் நரம்பை நேரே தூண்டுகிறது. அந்த நரம்பே சிதைந்திருந்தால், அதாவது கால் துவண்டு போயிருந்தால், இது பெரும்பாலும் பலிக்காது. தண்டுவடத்தின் உறைக்கு வெளியே அறுவை செய்து பதிக்கும் மின்முனைகளோ உள்ளே நுழையும் உணர்வு நரம்புகளைத் தூண்டுகின்றன. காயத்துக்குக் கீழே உயிரோடிருக்கும் நரம்பணுக்கள் அதனால் விழித்துக்கொள்கின்றன. மூளையிலிருந்து மிச்சமாக வந்துசேரும் மெல்லிய கட்டளைக்கும் அவை இணங்கத் தொடங்குகின்றன. 2018இல் இந்தப் பதிக்கும் முறையால் அமெரிக்காவின் லூயிவில், மேயோ கிளினிக், பிறகு லோசான் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் சிலர் மீண்டும் அடியெடுத்து வைத்த செய்தி வந்தது. அந்தப் படங்களில் இருக்கும் நடைச்சட்டத்தையும் தாங்கு வார்களையும் பாருங்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வேன். அதற்குப் பின்னே மாதக்கணக்கான பயிற்சி இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மார்பின் ஆறாம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுள்ளவர்களுக்குப் பயிற்சியின் நடுவே திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலித்து முகம் வியர்த்தால், இரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். உடனே மின்சாரத்தை நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, வார்களைத் தளர்த்துங்கள். சிறுநீர் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். நெடுநாள் எடை தாங்காத எலும்பு எளிதில் முறியும். எந்திரத்தில் ஏற்றும் முன் அதையும் சோதிக்க வேண்டும்.

கழுத்துக் காயம்பட்டவரின் மனைவி:

எல்லாரும் என் கணவரிடம் நடையைப் பற்றியே கேட்கிறார்கள். அவருக்கு வேண்டியது விரல்கள். கழுத்தின் தோல்மீது தகடு ஒட்டித் தூண்டும் முறையை 60 பேரிடம் சோதித்ததில் 72 விழுக்காட்டினருக்குக் கை வலிமையும் பயன்பாடும் கூடியதாகப் படித்தோம். 2024 டிசம்பரில் அந்தக் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறுவை இல்லை என்பதால் நம்பிக்கையோடு அந்த வகைப் பயிற்சியில் சேர்ந்தோம். கழுத்தில் குறுகுறுவென்று இருக்கிறது, வலியில்லை என்கிறார். தூண்டல் ஓடும்போதே சிறு மரக்கட்டைகளை எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். முன்பு கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொடாமல் நழுவும். இப்போது சட்டை ஜிப்பை அந்த இரண்டு விரல்களால் பற்றிப் பாதிவரை இழுத்துவிடுகிறார், தகடுகளைக் கழற்றிய பிறகும்.

சிகிச்சையாளர் அம்மா, அவருக்குக் கையெழுத்துப் போட ஆசை. தூண்டலின்போதே தடித்த பேனாவைக் கொடுத்துப் பழக்கலாமா, பிடி இன்னும் வலுக்கட்டும் என்று பொறுக்க வேண்டுமா?