புதுப்பிப்பு: எம்ஆர்-ஜே2எஸ்-40ஏ சர்வோ ட்ரைவ் கிடைத்தது, மணலி மெஷின் ஓடுகிறது

மோட்டாரைக் கட்டுப்படுத்தும், உற்பத்தி நின்றுபோன இந்த மிட்சுபிஷி ட்ரைவ் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. ‘ட்ரைவைத் தேடாதீங்க, கழித்த மெஷினைத் தேடுங்க’ என்ற யோசனைதான் பலித்தது. மாதவரத்தில் ஒரு பழைய பேக்கிங் மெஷினிலிருந்து கழற்றி வாங்கினோம்.

லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். முதலில் காட்டியது எம்ஆர்-ஜே2எஸ்-40பி. பார்க்க ஒரே மாதிரிதான், ஆனால் அது எஸ்எஸ்சிநெட் என்ற நெட்வொர்க் வழியே கட்டளை வாங்கும் வகை, எங்களுக்குத் தேவையான பல்ஸ் சிக்னலில் ஓடாது.

எங்கள் மெஷினில் இருந்த ட்ரைவின் டிஸ்ப்ளே வேலை செய்ததால் அதன் பாராமீட்டர்களை (அமைப்பு எண்களை) குறித்து, வாங்கியதில் ஏற்றினோம். பாராமீட்டர் 19-ஐ 000இ (000E) ஆக்கி, பவரை அணைத்துப் போட்டால்தான் அதற்கு மேலுள்ள பாராமீட்டர்கள் திறக்கும்.

எதிர்பாராதது ஏஎல்.25 அலாரம். அப்சொல்யூட் முறையில் (பவர் போனாலும் மோட்டாரின் நிலையை பேட்டரி மூலம் நினைவில் வைக்கும் முறை) ட்ரைவை மாற்றினால் அந்த நிலை அழிந்துவிடும். சில நிமிடம் பவரில் விட்டு, அணைத்துப் போட்டதும் அலாரம் போய்விட்டது. அதன்பின் ஹோமிங் (தொடக்க நிலையை மறுபடி அமைப்பது) கட்டாயம். பேட்டரியும் புதிது போட்டோம்.