கையடக்க கன்சோலில் முதன்முதலாகச் சுட்ட அனுபவம்: எந்த கேம், எப்படி இருந்தது?

என்னுடையது நின்டெண்டோ டிஎஸ்ஸில் மெட்ராய்ட் பிரைம் ஹன்டர்ஸ். 2006-ல் வந்த கேம், நான் வாங்கியது பழைய கார்ட்ரிட்ஜ். கணினியில் மவுஸ் பிடித்துச் சுட்டே பழகியவன், அனலாக் ஸ்டிக்கே (எந்தத் திசைக்கும் சாய்க்கும் குட்டிக் குச்சி) இல்லாத கருவியில் ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் (ஆடுபவரின் கண் வழியே பார்த்துச் சுடும் கேம்) என்னத்தைத் தேறப்போகிறது என்றுதான் போட்டேன்.

தேறியது. இடது கட்டைவிரல் டி-பேட் என்கிற திசைப் பட்டனில் நடத்த, வலது கை ஸ்டைலஸால் கீழ்த் திரையைத் தேய்க்க, பார்வை கூடவே திரும்புகிறது. எதிரி பக்கவாட்டில் ஓடினால் பேனாவை அந்தப் பக்கம் இழுக்க வேண்டியதுதான், குறி அவன் மேல் போய் உட்காரும். சுடுவதற்கு இடது ஆள்காட்டி விரலில் எல் பட்டன். குதிக்க வேண்டுமா, திரையில் இரண்டு தட்டு. ஸ்டிக் வைத்து எய்ம் செய்வதைவிட இது எனக்கு மவுஸுக்கு நெருக்கமாக இருந்தது.

ஆனால் கை! நடப்பது, சுடுவது, கருவியின் எடையைத் தாங்குவது எல்லாம் இடது கையின் தலையில். வலது கை கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி சும்மா உலாவுகிறது. கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிட்டது. மடியில் தலையணையைப் போட்டு அதன் மேல் வைத்த பிறகுதான் ஆட முடிந்தது. இடக்கைக்காரர்களுக்கு அப்படியே மாற்றிப் போடும் வசதி உண்டு: ஏ, பி, எக்ஸ், ஒய்யில் நடை, ஆர் பட்டனில் சுடுதல். வலி அப்போது வலது கைக்கு, அவ்வளவுதான்.

கதைப் பகுதி சுமார். ஆக்டோலித் என்கிற பொருள் எட்டைச் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காவலாக ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி. பாஸ் வகையோ இரண்டே இரண்டு. சில்லறை மாற்றங்களோடு அவைதான் திரும்பத் திரும்ப வரும். ஆக்டோலித்தை எடுத்ததும் கடிகாரம் இறங்க, கப்பலை நோக்கித் தலைதெறிக்க ஓடும் ஓட்டம் மட்டும் நன்றாக இருந்தது.

உயிர் இருப்பது மல்டிபிளேயரில். நான்கு பேர் வரை, ஆள் சேராவிட்டால் கேமே இயக்கும் பாட்களோடு. நாம் தேர்ந்தெடுத்து ஆடும் ஏழு ஹன்டர்களில் டிரேஸ் என்றால் இன்னமும் எரிச்சல்: இம்பீரியலிஸ்ட் என்கிற ஸ்னைப்பரை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் ஆளே தெரியமாட்டான். தலையில் பட்டால் ஒரே வெடி, கதை முடிந்தது. 2014 மே மாதத்தில் நின்டெண்டோ தன் வைஃபை சேவையை மூடிவிட்டதால் அதன் ஆன்லைன் ஆட்டம் மட்டும் எனக்கு வாய்க்கவில்லை.

*

நண்பரே, மணிக்கட்டு வலிதானே, கொடுத்துவைத்தவர். நான் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியில் மெடல் ஆஃப் ஹானர் ஹீரோஸ் ஆடினேன், அதுவும் 2006 கேம்தான். அந்தக் கருவியில் இடது பக்கம் ஒரே ஒரு அனலாக். அதில் நடந்து, வலது பக்கத்து நான்கு பட்டன்களில் மேலே, கீழே, இடம், வலம் பார்க்க வேண்டும். பட்டனுக்கு மெதுவாக அழுத்துவது, வேகமாக அழுத்துவது என்ற பேதமே கிடையாது. அழுத்தினால் திரும்பும், விட்டால் நிற்கும். குறி எதிரியைத் தாண்டிப் போகும், திருத்தினால் இந்தப் பக்கம் தாண்டும். கேம் நம் சார்பில் கொஞ்சம் குறி பார்த்துக் கொடுக்காமலிருந்தால் நான் முதல் கட்டத்தையே தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் காலத்துக்கு அந்தச் சின்னத் திரையில் படம் அட்டகாசம், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

*

நீங்கள் இருவரும் பட்ட பாடு பிஎஸ்பிக்கு அடுத்து வந்த சோனி வீட்டாவில் தீர்ந்தது. இரண்டு ஸ்டிக். 2013-ல் வந்த கில்ஸோன் மெர்சினரியைப் போட்டதும் தனியாக எதையும் பழக வேண்டியிருக்கவில்லை, நேராகச் சண்டைதான். ஸ்டிக்குகள் குட்டி என்பதால் தூரத்து எதிரிக்குக் கொஞ்சம் தடுமாறும். அதற்கு ஜைரோவை (கருவி திரும்புவதை உணரும் சென்சார்) போட்டுக்கொண்டேன்: ஸ்டிக்கால் பக்கத்தில் கொண்டுபோய், கருவியையே லேசாகச் சாய்த்துக் குறியை முடிப்பது. நின்டெண்டோ ஸ்விட்சில் டூம் கேம் வந்தபோதும் பின்னால் வந்த அப்டேட்டில் ஜைரோ கிடைத்தது, அதற்கப்புறம்தான் அதை ஒழுங்காக ஆடினேன். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் மட்டும் ஜைரோவை அணைத்துவிடுங்கள். வண்டி வளைவில் திரும்பும்போது உங்கள் துப்பாக்கியும் சேர்ந்து திரும்பும்.